உப்புத் தண்ணீரில் நுரை வராது: கடற்கரைச் சிறப்பு வகுப்பில் ஒரு பயிற்சி ஆசிரியையின் முதல் ஆறு வாரங்கள்

கீழக்கரைக்கும் மண்டபத்துக்கும் இடையே, கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சிறப்பு வகுப்பு. தகரக் கூரை போட்ட ஒரே அறை. 6 முதல் 14 வயது வரை எட்டுப் பிள்ளைகள், ஒரு சிறப்பாசிரியை, ஓர் ஆயா. ஆடிக் காற்று எழும்பிய நேரத்தில், அறிவுசார் குறைபாட்டுப் பிரிவில் சிறப்புக் கல்வி பி.எட். படிக்கும் பயிற்சி ஆசிரியை ஒருவர் ஆறு வாரக் கற்பித்தல் பயிற்சிக்கு அங்கே வருகிறார். ஒரே பள்ளியில் ஒரே ஆண்டில் நடந்ததை இங்கே அப்படியே எழுதவில்லை. இந்தக் கரையோர வகுப்புகளுக்குப் பயிற்சிக்கு வருபவர்களுக்குத் திரும்பத் திரும்ப நேர்வதை ஒரு வகுப்பாகக் கோத்திருக்கிறோம். எந்தப் பிள்ளையின் அடையாளமும் வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பதே காரணம்.

அவர் வரும்போதே இருபது பாடத்திட்டங்கள் எழுதி, தெர்மாகோல் அட்டைகள் இரண்டு பை நிறையக் கொண்டுவந்திருந்தார். முதல் நாளே கற்பிக்கத் தொடங்கிவிட வேண்டும் என்ற துடிப்பு. வகுப்பாசிரியை சொன்னது ஒன்றுதான்: "மூணு நாளைக்கு யாரையும் தொடாதீங்கம்மா. ஓரமா உக்காந்து நோட்டுல எழுதுங்க, போதும்."

இந்த மூன்று நாளைச் சடங்காக நினைத்து வீணடிப்பவர்களே அதிகம். புதிதாக வந்தவரின் கை எப்போதும் முந்திக்கொள்ளும். செருப்பை மாட்டிவிடும், டிபன் பாக்ஸைத் திறந்துவிடும், பையின் ஜிப்பை இழுத்துவிடும். கை முந்திவிட்டால் அந்தப் பிள்ளைக்கு எது தெரியும், எது தெரியாது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. ஒரு பிள்ளையை ஒரு நாளில் மூன்று வேளை, வேளைக்கு 10 நிமிடம் பார்க்க வேண்டும்: வேனில் இருந்து இறங்கும்போது, மேசை வேலையின்போது, சாப்பாட்டின்போது. எந்தக் கையை முதலில் நீட்டுகிறது, வேண்டியதை எப்படிக் கேட்கிறது, யாரும் உதவாவிட்டால் என்ன செய்கிறது என்ற மூன்றும் குறிப்பில் இருந்தாக வேண்டும். 'பிடிவாதம்', 'சோம்பல்', 'நல்ல பிள்ளை' போன்ற சொற்களுக்கு அந்த நோட்டில் இடமில்லை. 'பையைத் தரையில் போட்டான், கதவைப் பார்த்தான், 40 விநாடி நின்றான்' என்று எழுதினால்தான் நாளைக்கு அதை வைத்து எதையாவது செய்ய முடியும்.

நான்காம் நாள் மதிப்பீடு. இந்த வகுப்பில் எஃப்.ஏ.சி.பி. பயன்படுத்துகிறார்கள். பிள்ளைக்கு எந்தத் திறன் வரும், எது வராது என்று பார்க்க, செகந்திராபாத்தில் உள்ள அறிவுசார் குறைபாட்டுக்கான தேசிய நிறுவனம் உருவாக்கிய சரிபார்ப்புப் பட்டியல் அது. முன் தொடக்க நிலையில் இருந்து தொழில்முன் பயிற்சி நிலை வரை படிப்படியாக ஏறும், பராமரிப்புப் பிரிவுக்குத் தனிப் பட்டியல் உண்டு. ஒரு நிலையில் 80 சதவீதம் எட்டினால் பிள்ளை அடுத்த நிலைக்குப் போகலாம். வேறு சில மையங்களில் எம்.டி.பி.எஸ். என்ற மதிப்பீட்டு முறை இருக்கும். சென்னையில் உருவானது, 18 பகுதிகள், பகுதிக்கு 20 என 360 திறன்கள். எதை எடுத்தாலும் தாளில் உள்ள கேள்வியை அந்த ஊர்ப் பேச்சில் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கீழக்கரையில் இருந்து வரும் 7 வயதுப் பையனிடம் பறவைப் படங்களை விரித்து, "காக்கா எங்கே?" என்று கேட்டார் பயிற்சி ஆசிரியை. பையன் எழுந்து போய், தன்னை விட வந்து வாசலில் நின்ற அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டான். தாளில் 'தவறு' என்று குறியாயிற்று. மறுநாள் குடும்பப் படங்களில் 'அம்மா', 'அப்பா' கேட்டபோதும் பேசாமல் இருந்தான். அதுவும் தவறு. கீழக்கரை, பெரியபட்டினம் முஸ்லிம் வீடுகளில் காக்கா என்றால் அண்ணன், லாத்தா என்றால் அக்கா, அம்மா உம்மா, அப்பா வாப்பா. பையன் கேட்ட கேள்விக்குச் சரியான விடையைத்தான் சட்டையைப் பிடித்துக் காட்டியிருக்கிறான். வகுப்பாசிரியை அந்தத் தாளைக் கிழிக்கச் சொல்லவில்லை. சிவப்பு மையில் காரணம் எழுதி, மூன்று வினாக்களை வீட்டுச் சொல்லில் மறுபடி கேட்கச் சொன்னார். மூன்றும் சரி. பிறகு உம்மாவின் கைபேசியில் இருந்த படங்களை அச்சிட்டு அட்டை செய்தார்கள். படத்தில் கோடு போட்டு வரைந்த யாரோ ஒரு பெண்ணை விட, சொந்த உம்மாவின் முகம் இந்த நிலையில் உள்ள பிள்ளைக்கு எளிது.

அதனால் மதிப்பீட்டுக்கு முன்பே ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு ஒரு பக்கச் சொல் பட்டியல் எழுதிக்கொள்வது நல்லது: உறவுப் பெயர்கள், தண்ணீர், சோறு, கழிப்பறை, வலி, வேண்டாம். இருபது சொல் போதும். இதைச் செய்யாமல் போட்ட மதிப்பெண்ணை வைத்து எழுதும் தனிநபர் கல்வித் திட்டம் முழுக்கக் கோணலாகிவிடும்.

இரண்டாம் வாரம் கை கழுவக் கற்பிக்கும் பாடம். மாணவிக்கு 11 வயது, டவுன் சிண்ட்ரோம். வகுப்பில் எல்லோருக்கும் செல்லப் பிள்ளை. கையைக் காட்டினால் யாராவது கழுவிவிடுவார்கள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு வேலையைச் சிறு படிகளாகப் பிரித்து எழுதுவது செயல் பகுப்பாய்வு. கல்லூரியில் எழுதியதைப் பயிற்சி ஆசிரியை அப்படியே எடுத்துவந்தார். 'குழாயைத் திற' என்று தொடங்கி 'நுரை வரும்வரை தேய்' என்று நடுவில் வரும். பள்ளியில் குழாய் இல்லை, நீல நிற ட்ரம்மும் ஒரு கப்பும்தான். போர் தண்ணீர் உப்பு. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, உள்ளங்கையில் வெள்ளைத் திரியாகத் திரளும். 'நுரை வரும்வரை' என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளை மணிக்கணக்கில் தேய்த்துக்கொண்டே நிற்பாள். முதல் நாள் அவள் நின்றாள், சோப்பு பாதியானது. குறிப்பேட்டில் விழுந்த வரி: 'நிறுத்தத் தெரியவில்லை'.

ட்ரம்மில் ஒரு குழாய் வைத்துவிடலாமே என்று அவர் கேட்டார். நியாயமான யோசனைதான். ஆனால் பிள்ளையின் வீட்டிலும் குடமும் கப்பும்தான். வண்டியில் வரும் நல்ல தண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறார்கள், அது குடிக்கவும் சமைக்கவும். பள்ளியில் குழாயில் கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போனால் கற்றது செல்லாது. எனவே கப்பிலேயே கற்பிப்பது என்று முடிவாயிற்று. அப்போதுதான் கப்பில் கை கழுவுவது எவ்வளவு சிக்கலான வேலை என்பது கண்ணில் பட்டது. ஒரு கை ஊற்ற வேண்டும், மறு கை வாங்க வேண்டும், பிறகு இரண்டும் மாற வேண்டும். வளர்ந்தவர்கள் யோசிக்காமல் செய்வது. வகுப்பாசிரியை ஐந்து முறை கழுவிக் காட்ட, பயிற்சி ஆசிரியை பார்த்துப் பார்த்து எழுதிய புதிய பகுப்பாய்வு இது:

1. ட்ரம் பக்கம் போய் நிற்பது.
2. சட்டைக் கையை முழங்கைக்கு ஏற்றுவது.
3. அரைக் கப்பு முகர்வது.
4. இடக்கையால் ஊற்றி வலக்கையை நனைப்பது.
5. கப்பைக் கை மாற்றி இடக்கையை நனைப்பது.
6. கப்பைக் கல்லின் மேல் வைப்பது.
7. சோப்பை எடுத்து உள்ளங்கையில் மூன்று முறை உருட்டுவது.
8. சோப்பை டப்பாவில் வைப்பது.
9. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு என 10 எண்ணும்வரை தேய்ப்பது.
10. முகர்ந்து வலக்கையை அலசுவது.
11. முகர்ந்து இடக்கையை அலசுவது.
12. துண்டில் துடைப்பது.

மூன்றாம் படியில் 'அரைக் கப்பு' என்பது சும்மா எழுதியதில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குத் தசை இறுக்கம் குறைவு, விரல்கள் குட்டை. ஒரு லிட்டர் கப்பு நிறைந்தால் மணிக்கட்டு சாயும், தண்ணீர் காலில் கொட்டும். 500 மில்லி கப்பாக மாற்றி, பாதி உயரத்தில் சிவப்பு நெயில் பாலிஷில் கோடு போட்டார்கள். ஒன்பதாம் படியில் நுரைக்குப் பதில் எண்ணிக்கை. அவளுக்கு எண்ணத் தெரியாது என்பதால் முதலில் ஆயா எண்ணினார், பிறகு வகுப்பே சேர்ந்து எண்ணியது.

எங்கிருந்து கற்பிப்பது? பின்னிருந்துதான். 1 முதல் 11 வரை கையைப் பிடித்துச் செய்யவைத்து, 12ஆம் படியான துடைப்பதை மட்டும் பிள்ளையிடம் விட வேண்டும். வேலை முடிந்த நிறைவும் பாராட்டும் அவள் தானாகச் செய்த படியின் மேல் விழும். துடைப்பதை மூன்று நாள் தொடர்ந்து தானாகச் செய்தபின் 11, 12 இரண்டையும் விடுவது, பிறகு 10. இப்படியே மேலேறுவது.

பதிவுத்தாளில் நான்கு குறிகள்: தானாகச் செய்தால் 'த', சைகை காட்டிச் செய்தால் 'சை', சொல்லிச் செய்தால் 'சொ', கைபிடித்துச் செய்தால் 'கை'. அன்றாடம் ஒரே நேரம், சாப்பாட்டுக்கு முன். சாப்பாடு வரும் நேரத்தில் கை கழுவக் காரணம் இருக்கிறது. காலை 10 மணிக்குச் சுத்தமான கையைக் கழுவச் சொன்னால் அந்த வேலைக்குப் பொருளே இல்லை.

இங்கே பயிற்சி ஆசிரியை தவறியது இரண்டு இடத்தில். முதலாவது, பேச்சு. "எடு, எடு கண்ணு, கப்ப எடு, அங்க பாரு, எடு" என்று ஒரு படிக்கு ஐந்து கட்டளை. வாயால் சொல்லும் உதவியை விலக்குவதுதான் எல்லாவற்றிலும் கடினம். பிள்ளை தண்ணீரைப் பார்ப்பதை விட்டு நம் வாயைப் பார்த்து நிற்கப் பழகிவிடும். அதோடு, டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகள் பலருக்குக் காது மந்தம் இருக்கும். கேட்டதை நினைவில் வைப்பதைவிடப் பார்த்ததை நினைவில் வைப்பது அவர்களுக்கு எளிது. ஆறு படங்களை ட்ரம்முக்கு மேல் வரிசையாக ஒட்டி, பேசாமல் படத்தைத் தொட்டுக் காட்டியபோது வேகம் கூடியது. (கடற்காற்றின் ஈரத்தில் பசை மூன்று நாளில் விட்டுவிடும். லேமினேட் செய்து, மூலையை வட்டமாக வெட்டி, கயிற்றில் தொங்கவிட வேண்டும்.)

இரண்டாவது, காத்திருக்காதது. ஒரு படி முடிந்து அடுத்ததற்கு உதவி கொடுக்கும் முன் 10 விநாடி விட வேண்டும். நிற்கும்போது 10 விநாடி ஓர் யுகம் போல இருக்கும். பயிற்சி ஆசிரியை இரண்டாம் விநாடியில் கையை நீட்டினார். வகுப்பாசிரியை அவருடைய இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லி, மனத்துக்குள் எண்ணச் சொன்னார். ஏழாவது எண்ணில் அந்தப் பிள்ளை தானாகக் கப்பை மாற்றுக் கைக்கு எடுத்தாள். நான்கு வருடமாக யாரும் ஏழு வரை எண்ணிப் பார்க்கவில்லை.

டவுன் சிண்ட்ரோம் பற்றி இன்னொன்றை அவசியம் சேர்க்க வேண்டும். சிலருக்குக் கழுத்தின் மேல் இரு முள்ளெலும்புகளுக்கு இடையே பிடிமானம் தளர்ந்திருக்கும். உடற்பயிற்சி வகுப்பில் குட்டிக்கரணம், தலைகீழ் நிற்பது, தோளில் தூக்கி விளையாடுவது வேண்டாம். புதிதாக நடை தடுமாறினாலோ, கழுத்து வலி, கை பலவீனம் தெரிந்தாலோ அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

மூன்றாம் வாரம் வந்தது மணிக்கட்டுக் கடி. ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உள்ள 9 வயதுப் பையன், பேச்சு நான்கைந்து சொல். மணி கோக்கும் தட்டை மேசையில் வைத்ததும் தன் இடது மணிக்கட்டைக் கடிப்பான், பழைய தழும்பின் மேலேயே. பயிற்சி ஆசிரியை பதறித் தட்டை எடுத்து, தண்ணீர் கொடுத்து, தட்டிக் கொடுப்பார். கடி நிற்கும். நிற்பதால் தான் செய்தது சரி என்று அவருக்குத் தோன்றியது. கடித்தால் தட்டு போகும் என்று பையனுக்கும் ஒவ்வொரு நாளும் உறுதியாயிற்று.

இதைப் பேச்சால் விளக்கி முடியாது, பதிவு தேவை. நான்கு பத்தித் தாள்: நேரம், முன் நடந்தது, செய்தது, பின் நடந்தது. இரண்டு வாரம், ஒரு கடி விடாமல். 'முன் நடந்தது' பத்தியில் கடிக்கு முந்தைய ஒரு நிமிடத்தில் இருந்தவை எல்லாம் வர வேண்டும்: தட்டு, யார் பக்கத்தில், என்ன சத்தம். இரண்டு வாரத் தாளை ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தபோது மூன்று விஷயம் தெரிந்தது. பெரும்பாலான கடிக்கு முன்னால் கோர்வைத் தட்டு. அந்த எல்லா வரியிலும் 'பின் நடந்தது' பத்தியில் 'தட்டு எடுக்கப்பட்டது'. அதாவது வேலையில் இருந்து தப்பிக்கும் வழி. இரண்டாவது, காற்று வலுத்துத் தகரம் அடிக்கும் மதிய நேரத்தில் கூடுதல். மூன்றாவதை யாரும் எதிர்பார்க்கவில்லை. செவ்வாயும் வியாழனும் மற்ற நாளைவிட அதிகம்.

செவ்வாயும் வியாழனும் ஏன்? கால அட்டவணையில் வேறுபாடில்லை. வகுப்பாசிரியை தாயாரைக் கேட்டார்.

"செவ்வா, வியாழன்ல தம்பி எத்தனை மணிக்கு எந்திரிக்கிறான்?"

"அவுக கரைக்கு வர்ற நாளு டீச்சர் அது. நாங்க மூணு மணிக்கே லைட்டப் போட்டுருவோம். இவனும் எந்திரிச்சுருவான், பொறகு தூங்க மாட்டான்."

தகப்பனார் ராமேசுவரம் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். அங்கே விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போய் மறுநாள் காலை கரை திரும்பும். மற்ற நாள்கள் நாட்டுப்படகுக்கு. படகு திரும்பும் நாளில் பையனுக்கு இரண்டு, மூன்று மணி நேரத் தூக்கம் குறைகிறது. ஞாயிறு பள்ளி இல்லாததால் அது தாளில் விழவில்லை. கரையோரப் பள்ளியில் நடத்தைப் பதிவேட்டில் தேதி மட்டும் எழுதினால் போதாது, கிழமையும் எழுத வேண்டும். காற்றழுத்தம் என்று படகுகளை நிறுத்திவைத்த நாளையும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தையும் குறித்துவைத்தால் வீட்டின் வரவும் தூக்கமும் எப்போது மாறுகின்றன என்று தெரியும்.

திட்டம் நான்கு துண்டு. ஒன்று, வேலையை மாற்றுவது. மணி மிகச் சிறியது, துளை ஒடுக்கம், நூல் துவளும். சிலர் தங்கூசியில் (மீன்பிடிக்கும் நைலான் நரம்பு) கோக்க வைப்பார்கள். விறைப்பாக இருக்கும்தான், ஆனால் கண்ணுக்குத் தெரியாது, விரலில் வழுக்கும். வலையில் கட்டும் பழைய மிதவைகளை வாங்கி, ஓர் இரவு நல்ல தண்ணீரில் ஊறவைத்து, ஒட்டியிருந்த சிப்பிகளைச் சுரண்டி, விளிம்பைக் கையால் தடவிப் பார்த்துக் கொடுத்தார்கள். பச்சைக் கயிறு, நுனியில் 3 செ.மீ. செல்லோ டேப் சுற்றி விறைப்பாக்கியது. தகப்பனார் செய்யப் பார்த்த வேலை என்பதால் பையன் மிதவையைத் தள்ளவில்லை.

இரண்டு, அளவு. இருபது மணிக்குப் பதில் மூன்று மிதவை. மூன்று கோத்ததும் தட்டு போய்விடும், கடிக்காமலே. 'முதலில், பிறகு' அட்டையில் இடப்பக்கம் மிதவைப் படம், வலப்பக்கம் ஊஞ்சல் படம். மூன்று நாள் தொடர்ந்து கடி இல்லாமல் முடித்தால் ஒரு மிதவை கூடும்.

மூன்று, கேட்கக் கற்றுக்கொடுப்பது. கடியை நிறுத்தினால் மட்டும் போதாது, கடியால் கிடைத்ததை வேறு வழியில் வாங்க அவனுக்குத் தெரிய வேண்டும். 'போதும்' என்று கை படம் போட்ட 8 செ.மீ. அட்டை ஒன்று மேசையில் வெல்குரோவால் ஒட்டியிருக்கும். வாய் கைக்குப் போகும் முன், பின்னால் நிற்கும் ஆயா அவன் கையை அட்டைக்குக் கொண்டுபோவார். முன்னால் இருக்கும் ஆசிரியை அட்டையை வாங்கி, "போதும்" என்று சொல்லி, உடனே இரண்டு நிமிடம் விடுவார். முதல் வாரம் எத்தனை முறை கொடுத்தாலும் விட வேண்டும். இப்படி விட்டால் வேலையே நடக்காதே என்று பயிற்சி ஆசிரியைக்குக் கவலை. அட்டையை நம்பாத பிள்ளை மணிக்கட்டுக்குத் திரும்பும் என்பது அதைவிடப் பெரிய கவலை.

நான்கு, சூழல். அவன் மேசையைத் தகரச் சுவரில் இருந்து எதிர்மூலைக்கு மாற்றி, ஆடும் தகடுகளுக்கு இடையில் பழைய டயர் டியூப் துண்டுகளைச் செருகினார்கள். செவ்வாய், வியாழன் காலை முதல் 20 நிமிடம் பாயில் படுக்கலாம், வேலை பாதி.

கடிக்கும் கையைத் தடுப்பது எப்படி என்றும் முன்பே பேசிவைக்க வேண்டும். இழுக்கக் கூடாது, பல் தோலைக் கிழிக்கும். முழங்கையை மெதுவாகத் தாங்கிக் கீழே இறக்க வேண்டும். திட்டுவதும் கெஞ்சுவதும் வேண்டாம், முகத்தில் மாற்றமே கூடாது. மணிக்கட்டில் கெட்டிப் பருத்திப் பட்டை போட்டு, தினமும் கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும். தட்டு போகாது என்று தெரிந்ததும் முதல் சில நாள் கடி கூடத்தான் செய்யும். பழைய வழி ஏன் பலிக்கவில்லை என்று பிள்ளை இன்னும் பலமாகத் தட்டிப் பார்க்கிறது. அந்த நாள்களில் மனம் இளகி ஒரே ஒரு முறை தட்டை எடுத்துவிட்டால், இன்னும் பலமாகக் கடித்தால் பலிக்கும் என்று கற்றுக்கொடுத்தாயிற்று. பயிற்சி ஆசிரியை நான்காம் நாள் அப்படி எடுத்தார். ஒரு வாரம் பின்னால் போயிற்று. அதை மறைக்காமல் பதிவுத்தாளில் தன் கையாலேயே எழுதியதுதான் அந்த ஆறு வாரத்தில் அவர் செய்த மிகச் சிறந்த வேலை என்பது எங்கள் எண்ணம்.

மூளை முடக்குவாதம் உள்ள பையன் ஒருவனும் வகுப்பில் உண்டு, வலிப்பும் உண்டு. நாற்காலியில் இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் செங்கோணத்தில் இருக்க வேண்டும், பாதம் தொங்கக் கூடாது. உயரம் பற்றாவிட்டால் காலடியில் பலகை. மேசை முழங்கை மட்டம். ஊட்டும்போது தலையைப் பின்னால் சாய்க்காமல், மோவாய் சற்று உள்வாங்கி இருக்க, கரண்டி எதிரே இருந்து, வாய்க்குக் கீழ்மட்டத்தில் இருந்து வர வேண்டும். அண்ணாந்த வாயில் ஊற்றிய கஞ்சி மூச்சுக்குழலுக்குப் போகும். சாப்பிட்டபின் அரை மணி நேரம் நிமிர்த்தியே உட்கார வைக்க வேண்டும்.

இடுப்புப் பட்டை உட்காரும் நிலைக்கானது. ஓடும் பிள்ளையை ஓடாமல் வைக்க அதைப் பூட்டுவது கட்டிப்போடுவதுதான். ஒரு நாள் ஆயா இல்லாத நேரத்தில், ஓடும் சிறுமி ஒருத்தியைப் பயிற்சி ஆசிரியை அப்படிப் பூட்டினார். வகுப்பாசிரியை குரல் உயர்த்தியது அந்த ஒரு முறைதான். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தது இதே கரையில். ஓடும் பிள்ளைக்குக் கதவில் மேல் தாழ்ப்பாள், ஓடுவதற்கு முன் கொடுக்கும் வேலை, கூட ஒரு ஆள். இவ்வளவுதான் வழி.

வலிப்பு வந்தால் முதலில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். பிறகு பக்கவாட்டில் படுக்கவைத்து, தலைக்கடியில் துண்டு. கையில் சாவியோ இரும்போ திணிக்கக் கூடாது, வாயில் எதையும் வைக்கக் கூடாது, அமுக்கிப் பிடிக்கக் கூடாது. 5 நிமிடம் தாண்டினாலோ, தெளியாமலே இரண்டாவது வந்தாலோ 108. வெள்ளிக்கிழமைதோறும் வீட்டில் மாத்திரை எத்தனை மிச்சம் என்று கேட்டு எழுதுவது இந்த வகுப்பின் வழக்கம். தொழில் இல்லாத வாரத்தில் மாத்திரைதான் முதலில் விட்டுப்போகும், திடீரென்று நிறுத்தினால் வலிப்பு கூடும். தர்காவுக்கோ கோவிலுக்கோ நேர்ந்துகொண்டு போகிற குடும்பத்திடம் அதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. "போயிட்டு வாங்க, மாத்திரைய மட்டும் பையில வச்சுக்கங்க" என்றால் போதும்.

ஆறாம் வாரம் விட்டுப்போகும் வேலை. கை கழுவும் பிள்ளை எட்டாம் படியில் இருந்து தானாகச் செய்கிறாள். ஆறாவது படியில் கப்பை வைக்க மறக்கிறாள். மிதவை நான்கு ஆகியிருக்கிறது, தகரம் அடிக்கும் நாளில் மூன்றுதான். கோப்பில் பயிற்சி ஆசிரியை விட்டுச் சென்றவை: வீட்டுச் சொல் பட்டியல் எட்டு, 12 படித் தாளின் நகல் பத்து, நான்கு பத்தித் தாள்கள் கிழமையுடன், எந்தப் படியில் என்ன உதவி, எத்தனை விநாடி காத்திருப்பு என்று ஒரு பக்கம். கடைசி ஐந்து நாளும் சுவர் நாட்காட்டியில் தன் படத்தை ஒட்டி, தினமும் பிள்ளைகளைக் கொண்டே ஒரு கட்டத்தை அடிக்கவைத்தார். ஆறாம் கட்டத்தில் அவர் படம் இல்லை, வகுப்பாசிரியை, ஆயா இருவர் படம் மட்டும். சனிக்கிழமை கை கழுவும் நேரத்தில் அந்த 11 வயதுப் பிள்ளை ட்ரம் பக்கம் நின்று சுற்றிப் பார்த்தாள். ஆயா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எண்ணத் தொடங்கினார்.